மோர் விற்ற சிறுவனுக்கு ஒரு பள்ளி

வேளாங்கண்ணி மாதாவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளில் முதல் இரண்டும் சிறுவர்களின் கதைகள். நாகப்பட்டினத்துப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்குப் பால் சுமந்து போன பையன் குளக்கரையில் கண்ணயர்ந்தான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து பால் கேட்டாள், கொடுத்தான். அடுத்தவன், நடுத்திட்டு ஆலமரத்தடியில் மோர் விற்ற, நடக்க முடியாத ஏழைச் சிறுவன். அவனிடம் மோர் வாங்கிக் குடித்தவள் எழுந்து நடக்கச் சொன்னாள்; அவன் நாகப்பட்டினம் வரை ஓடிப்போய்ச் சேதி சொன்னான். பதினாறாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அதிசயத்தை நம்புவது அவரவர் பாடு. என் கண்ணில் படுவது அதைவிடச் சாதாரணமான ஒன்று. இரண்டு பேருமே வேலை பார்க்கிற பிள்ளைகள். ஒருவன் மாற்றுத்திறனாளி. இருவரையும் ஊர் தெருவில் பார்த்தது, வேலை வாங்கியது. படிக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 பெருவிழா வரை பேராலயத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். காவி உடுத்திக்கொண்டு சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் நடந்தே வந்தவர்கள், பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறவர்கள், மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, தகட்டில் அடித்த கை கால் உருவங்கள் என்று கடற்கரை வரை கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தின் இடுப்பு உயரத்தில் இன்னொரு கூட்டம் நகரும். கழுத்து நிறையப் பாசிமணியைப் போட்டுக்கொண்டு அதையே கழற்றிக் கழற்றி விற்கும் சிறுமி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காசு கேட்கும், தானே குழந்தையான அக்கா. அவர்கள் பேரம் பேசுவதைக் கவனித்தால் ஒன்று புரியும். முப்பது ரூபாய் மாலையை மூன்றாக எடுத்தால் எண்பது என்று சொல்லும் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை. அந்தக் கணக்குக்கு எந்த நோட்டிலும் மதிப்பெண் இல்லை, அவ்வளவுதான்.

விழா முடிந்த கையோடு காலாண்டுத் தேர்வு வந்துவிடும். பள்ளியில் பெயர் இருக்கிற பிள்ளை, நடத்தாத பாடத்துக்குப் பரீட்சை எழுத வந்து உட்காரும். உட்கார்ந்த பிள்ளை அடுத்த வாரம் வராது. வருகைப் பதிவேட்டில் நீளும் கோடுகளுக்கு எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: பெற்றோருக்கு அக்கறை இல்லை. கேட்டுக் கேட்டுப் புளித்த பதில். பெற்றோரின் பிழைப்புக்கு ஒரு நாட்காட்டி, பள்ளிக்கு ஒரு நாட்காட்டி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை. திருவிழாவுக்குக் காவல் கூடாரம் உண்டு, மருத்துவ முகாம் உண்டு, தற்காலிகக் கழிப்பறை உண்டு, சிறப்புப் பேருந்து உண்டு. பெற்றோரோடு வந்து பத்து நாள் தங்கும் பிள்ளைகளுக்கு ஒரு கூடாரப் பள்ளி போட என்ன செலவாகிவிடும்?

நிவாரணப் பட்டியலில் இல்லாதவர்கள்

இந்த டெல்டாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தும் பழக்கம் பாசிமணியோடு தொடங்கியது அல்ல. பண்ணையாள் வீட்டுப் பிள்ளை பண்ணையின் மாட்டை மேய்க்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்த வயல்கள் இவை. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். விவசாயத் தொழிலாளர்கள் கூலிக்காகச் சங்கம் கட்டியிருந்தார்கள், செங்கொடி ஏற்றியிருந்தார்கள்; அதற்கான பழிவாங்கல் அது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் 'லாப்டி' அமைப்பு நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. நிலமும் கூலியும் கைக்கு வந்த வீட்டில் அடுத்த தலைமுறை பள்ளிக்குப் போனது. படிப்பு தனியாக வரவில்லை. வயிற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

விவசாயத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. மீனவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. ஊர் ஊராகப் போகும் ஆதியர்களுக்கு, அதாவது நாம் பூம்பூம் மாட்டுக்காரர் என்று அழைக்கும் மக்களுக்கு, ஊரே இல்லை என்றால் பஞ்சாயத்து எங்கிருந்து வரும்? தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அலங்கரித்த மாட்டோடு களத்துமேட்டுக்குப் போனால் முறத்தில் நெல் விழுந்த காலம் ஒன்று இருந்தது. அறுவடை இயந்திரம் வந்து வயலிலேயே நெல்லை லாரியில் கொட்டுகிறது. களமும் போயிற்று, முறத்து நெல்லும் போயிற்று. மாடு நகரத் தெருவுக்கு வந்தது. மாட்டைப் பராமரிக்க முடியாத வீட்டில் பிள்ளை மட்டும் தெருவுக்கு வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருந்தது. சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னாலேயே உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்து குவிந்தது. படகு போனவருக்குப் படகு, வீடு போனவருக்கு வீடு. இழந்ததற்கு அத்தாட்சி இருந்தவருக்கு இழப்பீடு. இழக்கப் பட்டாவோ படகோ இல்லாத நாடோடிச் சமூகங்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. பிச்சை எடுப்பது இவர்களுக்கு வழக்கம்தானே என்று ஒதுக்கப்பட்டார்கள். நிவாரணப் பணிக்கு வந்த எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான பிரேமா ரேவதியின் கண்ணில் பட்டவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்தான். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில், 2005-இல், 'வானவில்' பள்ளி அப்படித்தான் பிறந்தது.

ஆதியர், நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகளை முதன்மையாக வைத்துத் தொடங்கிய பள்ளி அது. பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்பதைவிட அங்கே நான் முக்கியமாக நினைப்பது, பிள்ளைகள் இரவில் தங்குகிறார்கள் என்பது. கல்வி பற்றிய நம் பேச்சு முழுவதும் காலை ஒன்பதரைக்கும் மாலை நாலரைக்கும் நடுவில்தான் சுற்றுகிறது. நாடோடிப் பிள்ளையைப் பள்ளி இழப்பது இரவில். அப்பாவும் அம்மாவும் மறுநாள் விடியலில் காரைக்கால் பஸ் ஏறுகிறார்கள்; பிள்ளையைத் தனியாக எங்கே விடுவார்கள்? பெண் பிள்ளை என்றால் இன்னும் பயம். எனவே பிள்ளையும் பஸ் ஏறும். எவ்வளவு நல்ல வாத்தியாரும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தங்குமிடம் ஒன்று இருந்துவிட்டால் பெற்றோர் பிழைப்புக்குப் போகலாம். பிள்ளை ஒரே பலகையைப் பார்த்து ஆண்டு முழுவதும் உட்காரலாம். வானவில்லில் தொடக்கக் கல்வியை முடிக்கும் பிள்ளைகள் அதன்பின் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள், தங்குவது விடுதியில்.

பேச்சு மொழி இன்னொரு சுவர். நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. ஆதியர் வீடுகளில் தெலுங்கு கலந்த பேச்சு. முதல் வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதி விளங்காத பிள்ளை வாயைத் திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைக்க நமக்கு அதிக நேரம் ஆவதில்லை.

ஆஸ்ட்ராவாவின் பதினெட்டுப் பேர்

அப்படிப் பெயர் வைத்ததற்காக ஒரு நாடு நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. செக் குடியரசின் ஆஸ்ட்ராவா நகரம். அங்கே ரோமா சமூகத்துப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், ஒரு ரோமா பிள்ளை அத்தகைய பள்ளிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு 27 மடங்கு. அறிவுத்திறன் தேர்வு வைத்துத்தான் அனுப்பினோம், பெற்றோர் கையெழுத்தும் இருக்கிறது என்றது அரசு. அந்தத் தேர்வோ பெரும்பான்மைச் செக் பிள்ளையை மனதில் வைத்துச் செய்தது. பதினெட்டுப் பிள்ளைகளின் சார்பில் போன வழக்கு 2006-இல் தோற்றது. மேல்முறையீட்டில், 2007 நவம்பர் 13 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு இது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. செக் அரசு அதற்கு முன்பே சட்டத்தை மாற்றிச் சிறப்புப் பள்ளி என்ற பெயரை எடுத்திருந்தது. 'செயல்முறைப் பள்ளி' என்று புதுப் பலகை மாட்டிய அதே கட்டடங்களில் அதே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பிறகு வந்த புகார்.

ரோமாக்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் என்று மொழியியலும் மரபணுவியலும் சொல்கின்றன. ஐரோப்பா முழுவதும் இன்று ஒரு கோடிப் பேர் வரை இருப்பார்கள். நரிக்குறவரின் வாக்ரிபோலியும் ரோமாக்களின் ரோமானியும் ஒரே இந்திய ஆரிய மொழிக் குடும்பம். இரண்டு கண்டங்களிலும் கூடாரம் அடித்தவர்களுக்கு வகுப்பறையில் கிடைத்த இடம் ஒரே இடம்தான்: கடைசி பெஞ்சு, அல்லது வாசலுக்கு வெளியே.

ஒதுக்கப்படும் அபாயத்தில் உள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்குள் கொண்டுவர ஐரோப்பா இப்போது மெனக்கெடுகிறது. 1994-இல் ஸ்பெயினின் சாலமான்கா நகரில் 92 அரசுகள் கூடிப் பொதுப் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று அறிவித்தன. சிறப்புத் தேவைகளுக்கும் உள்ளடக்கிய கல்விக்குமான ஐரோப்பிய முகமை 1996-இல் உருவானது. தலைமையகம் டென்மார்க்கின் ஓடன்ஸ் நகரில். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிக் கோட்டை கட்டிய அதே டென்மார்க்தான். முதலில் உடற்குறை உள்ள பிள்ளைகளைப் பற்றியே யோசித்தவர்கள், இப்போது அகதிப் பிள்ளை, ரோமா பிள்ளை, வறுமையில் உள்ள பிள்ளை என்று எல்லோரையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளையிடம் என்ன குறை என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பள்ளியிடம் என்ன குறை என்று கேட்பது அது.

சரி, அப்படியென்றால் வானவில் மாதிரித் தனிப் பள்ளியும் ஒதுக்கல்தானே என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம், தட்டிக்கழிக்க முடியாது. பழங்குடிப் பிள்ளைக்கு என்று தனிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பிரித்துப் பிரித்துக் கட்டிய மாநிலம் நம்முடையது. நல்ல நோக்கத்தில் கட்டியவைதான். பெயர்ப்பலகையே சாதியைச் சொல்லும் நிலைமையும் அதோடு சேர்ந்தே வந்தது. என் கணக்கில் இதைத் தீர்மானிப்பது, அந்தப் பள்ளியிலிருந்து பிள்ளை எங்கே போகிறது என்பது. ஆஸ்ட்ராவாவின் சிறப்புப் பள்ளிக்குள் போன பிள்ளை அங்கிருந்து பொதுவான மேல்நிலைக் கல்விக்குப் போவது மிக அரிது. அங்கே குறைத்த பாடத்திட்டம். வானவில்லில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியின் பொது வகுப்பில் போய் உட்காருகிறது. ஒன்று முட்டுச்சந்து, மற்றது சாலைக்கு வரும் சந்து. அந்தச் சந்து என்றைக்குமே தேவைப்படும் என்றால் அது பெருமைப்பட வேண்டிய விஷயமல்ல. அரசுப் பள்ளிக்குப் பக்கத்திலேயே பருவகால விடுதி வைத்தால் வேலை முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் தங்குமிடத்தை நினைத்துப் பார்க்காமல் இல்லை. உண்டு உறைவிடப் பயிற்சி மையங்கள் இருக்கவே செய்கின்றன. விடுதி இருக்கும் ஊரும், பிள்ளை இருக்கும் ஊரும் ஒன்றாக இருப்பதில்லை.

வயிற்றுக்கான ஏற்பாட்டில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கிய நாள் 2023 ஆகஸ்ட் 25. இடம், இதே நாகை மாவட்டத்தின் திருக்குவளை, கலைஞர் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி. காமராஜர் 1956-இல் தொடங்கி வைத்ததும் எம்.ஜி.ஆர். 1982-இல் பெருக்கியதும் மதியச் சோறு. காலையில் வெறும் வயிற்றோடு பாசிமணி கோக்கும் பிள்ளைக்கு, சூடாகக் காலை உணவு கிடைக்கிற பள்ளி நிச்சயமாக வேறு பள்ளி.

சாய்தளம் முடியும் இடம்

மோர் விற்ற பையனின் கதைக்கு வருவோம். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்றும் வேளாங்கண்ணிக்கு வருகிறார்கள். வெள்ளித் தகட்டில் கால் செய்து போடுகிறார்கள். அதே பிள்ளையைப் பக்கத்துத் தெருப் பள்ளிக்குத் தூக்கிப் போக யோசிக்கிறார்கள். பள்ளி என்ன சொல்லுமோ என்ற பயம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை தருகிறது. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. பள்ளிகளில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். வகுப்பறை வாசல் வரை வரும் அந்தச் சாய்தளம், கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்கு முன் மூன்று படிக்கட்டாக மாறிவிடும். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்திலிருந்து ஊர் ஊராகப் போகிறவர்கள். ஒரு நாள் இந்தப் பள்ளி, மறுநாள் இன்னொன்று. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி. டூவீலரில் பயிற்சிப் பொருட்களைக் கட்டிக்கொண்டு வெயிலில் போகும் இவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியக்காரர்கள். சாதாரணப் பள்ளிகளில் தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்குமேல் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வலியுறுத்தியது. இத்தாலி 1977-லேயே தனி வகுப்புகளை மூடிவிட்டு, அந்தப் பிள்ளை இருக்கும் பொது வகுப்பிலேயே உதவி ஆசிரியரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. நம் சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. அவர் சம்பளம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில். 2024-25-க்கு அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த கொள்கைச் சண்டையில் முதல் அடி வாங்கக்கூடியவர், கீழ்வேளூர் ஒன்றியத்தில் யாரோ ஒரு பிள்ளையின் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருப்பவர்.

பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் ஒதுக்கல் நின்றுவிடாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிகளின் சாதிப் பெயர் வரை பேசியது. பரிந்துரைகளில் எத்தனை நடைமுறைக்கு வந்தன என்று யாராவது ஆண்டுக்கொருமுறை கேட்க வேண்டும்.

அப்பா சர்டிஃபிகேட் இருக்கா?

நாடோடி வீட்டுப் பிள்ளைக்குச் சேர்க்கையின்போது தடை இல்லை. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. டி.சி. தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு வரை சட்டம் கைபிடித்து நடத்திப் போகும். பதினான்கு வயதில் கையை விட்டுவிடும். பையன்கள் மாட்டுக்கோ, பிளாஸ்டிக் சாமான் வியாபாரத்துக்கோ போகிறார்கள். பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கும். அதையும் தாண்டி நிற்பவர்களுக்கு முன்னால் வருவது சாதிச் சான்றிதழ்.

தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் முதல் பெயரே ஆதியன். நரிக்குறவரைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல பத்தாண்டுக் கோரிக்கை. பட்டியலில் பெயர் இருப்பதும் கையில் காகிதம் இருப்பதும் வேறு வேறு. பட்டியல் சாதிக்குத் தாசில்தார் சான்று தருவார். பழங்குடி என்றால் கோட்டாட்சியர் தர வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி: அப்பா சர்டிஃபிகேட் இருக்கா? அப்பா பள்ளிக்கே போகவில்லை. பட்டா? நிலமே இல்லை. எத்தனை வருஷமாக இந்த ஊர்? ஊர் ஊராகப் போவதுதானே பிழைப்பு. போலிப் பழங்குடிகள் இடங்களைப் பறிக்கக் கூடாது என்று 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான சரிபார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. அந்த அக்கறை நியாயமானது. காகிதம் சேர்த்து வைக்கும் வசதி உள்ளவரைப் பிடிக்கப் போட்ட வலையில், காகிதமே பார்த்திராத உண்மைப் பழங்குடி மாட்டிக்கொண்டார்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. பழங்குடிக்கு 1 சதவீத இடம் உண்டு. சிக்கலிலோ கீழ்வேளூரிலோ முதன்முதலாகப் பிளஸ் டூ முடித்த ஓர் ஆதியர் வீட்டுப் பெண் மே மாதத்தில் இணையச் சேவை மையத்தில் போய் உட்காருகிறாள். பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் எல்லாம் சரியாக ஏறுகின்றன. அடுத்த கட்டத்தில் சமூகச் சான்றிதழ் எண் கேட்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய், விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்து, அறிக்கை திரும்புவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடலாம். ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்றைக்கே, பள்ளி வளாகத்திலேயே கோட்டாட்சியரை வரவழைத்து அந்தச் சான்றிதழைக் கொடுத்துவிடலாம். புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். ஜூன் மாதத்தில் ஒரு நாள் போதும்.